நூற்றிருபதில் நின்ற முள்

புருல்சா என்ற பெயரைக் கென்ஜெகான் முதன்முதலில் கேட்டது வசவாகத்தான். பனி உருகி முடிந்த ஒரு மத்தியானம், முற்றத்தில் உட்கார்ந்து குச்சியால் ஆட்டு ரோமத்தை அடித்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரை ஊரான பாலிக்சிக்குப் போயிருந்த புருஷன் சாதர்குல் திரும்பி வந்து வண்டிக் கதவை அறைந்து சாத்தினார். பெற்ற பிள்ளைகளை அவர் அறைந்து அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் கதவை அறைந்து பார்த்ததில்லை.

"புருல்சாவாம்! பேரு புருல்சாவாம்! பஸ் டிப்போவுல ஸ்பீடு மீட்டர் ரிப்பேர் பாக்குறவளாம். பல்பு மாத்திக் குடும்மான்னு கேட்டா, என் வண்டி பொய் சொல்லுதுங்குறா!"

"என்ன பொய்யி?"

"நூத்திருபது போகாதாம். நான் வந்த வேகத்தை ரோட்டுல நின்னு பாத்தாளாம், அறுபதுகூடத் தேறாதாம். நாலு டிரைவருங்க நிக்கிறானுங்க கிழவி, அவனுங்க முன்னாடி சொல்றா! அதோட விட்டாளா? மீட்டர் கண்ணாடி மேல மூக்க வெச்சு மோந்து பாத்துட்டு, 'ஐயா, இதுக்குள்ள ஆட்டுக்கறி சமைச்சீங்களா'ன்னு கேக்குறா!"

கென்ஜெகான் ரோமக் குவியலுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். ரோமம் மூக்கில் ஏறித் தும்மல் வந்தது நல்லதாகப் போயிற்று. சிரிப்பும் தும்மலோடு தும்மலாகப் போய்விட்டது.

அந்த வண்டி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சாதர்குலின் அம்மா கூட்டுப்பண்ணைத் தலைவருக்குத் தங்கை. தங்கை மகன் வந்து கேட்டால் தாய்மாமன் இல்லையென்று சொல்லக் கூடாது, அது எங்கள் வழக்கம். மற்ற மருமகப்பிள்ளைகள் குதிரைக்குட்டி கேட்பார்கள், சேணம் கேட்பார்கள். சாதர்குல் படைக்குப் போய்விட்டுத் திரும்பிய வருஷம் நேராக மாமன் வீட்டுக்குப் போய் அவருடைய வோல்கா காரைக் கேட்டார். மூக்கில் வெள்ளி மான் பாய்கிற, வானநீல வோல்கா. மாமன் அரை நாள் சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "உன்ன மாதிரி மருமகன் இன்னொருத்தன் இருந்தா நான் கழுதை மேலதான் போகணும்" என்று சொல்லிச் சாவியை எறிந்தாராம். அன்றிலிருந்து அந்த வண்டிக்குக் குளிர்காலத்தில் கம்பளிப் போர்வை, கோடையில் நிழல். பிழைப்புக்குப் பால் லாரி ஓட்டினார். ஆசைக்கு இதை ஓட்டினார்.

வேகம் காட்டுகிற முள்ளுக்கு நோய் வந்தது பின்னால்தான். ஒரு குளிர்காலத்தில் மீட்டர் கேபிள் நாய்க்குட்டி மாதிரிக் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சாதர்குலுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, செம்மறியின் வால்கொழுப்பு. இருமலுக்கு அதுதான், செருப்புக்கு அதுதான், கதவுக் கீலுக்கும் குழந்தையின் வயிற்றுவலிக்கும் அதுதான். ஒரு கரண்டி உருக்கிக் கேபிளுக்குள் ஊற்றினார். கத்தல் நின்றது. வண்டி நோகுமென்று அவர் அதுவரை அறுபதைத் தாண்டி ஓட்டியதே இல்லை; அடுத்த கோடையில் பார்த்தால் அதே ஓட்டத்தில் முள் எண்பதைத் தாண்டியது, நூறைத் தாண்டியது, நூற்றிருபதைத் தொட்டது.

"பாத்தியா கிழவி! கொழுப்பு உள்ள போனதும் வண்டிக்கு வலு வந்திருச்சு!"

சந்தையில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார், எழவு வீட்டிலும் சொன்னார். ஊரில் அவருக்கு நூத்திருபது என்றே பெயராகிவிட்டது. வைக்கோல் டிராக்டர் அவரை முந்திக்கொண்டு போவதை ஊரே பார்த்திருக்கிறது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கென்ஜெகானும் பார்த்திருக்கிறாள். "அவன் வண்டியக் கொன்னுட்டுப் போறான், பாரு" என்பார் சாதர்குல். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். சந்தோஷமாக இருக்கிற மனுஷன் வாயில் எதற்கு மண்ணைப் போடுவது என்று அத்தனை வருஷமும் விட்டுவிட்டாள்.

அந்த வசவுக்கு அடுத்த வருஷம் கடைசி மகன் பெய்ஷென் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னான். அவன் எங்கள் ஊர் கோச்கோருக்கும் பாலிக்சிக்கும் நடுவே பயணிகள் வேன் ஓட்டுகிறவன்.

"எந்த ஊரு?" என்றார் சாதர்குல்.

"பாலிக்சி."

"யாரு மக?"

"மீன் சுடுவாரே, துர்தகுன், அவரு மக."

"நல்ல மனுஷன். புகைபோட்ட மீனு அவரு கைல தனி ருசி. பொண்ணு பேரு?"

பெய்ஷென் ரொட்டியைப் பிய்த்தான். இன்னொரு துண்டு பிய்த்தான். "புருல்சா."

சாதர்குல் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வண்டிக்கு அருகே போய் நின்றுகொண்டார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

கென்ஜெகானுக்கு நாலு பிள்ளைகள், நாலும் ஆண். மூத்த மூன்று பேரும் பெண்டாட்டிகளோடு ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். கடைக்குட்டிதான் அப்பன் வீட்டில் இருந்து அடுப்பை அணையாமல் காப்பான். அவனோ அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டான். "அப்பா கை விரிச்சு வாழ்த்தலேன்னா நாங்க இந்த வீட்டுல இருக்க மாட்டோம்மா. அவருக்குப் பிடிக்காத கூரைக்குக் கீழ அவளைக் கூட்டிட்டு வந்து நிறுத்த எனக்கு மனசில்ல. அண்ணனுங்க பின்னாடியே போயிடுவோம்."

எங்களில் பெரியவர்கள் இரண்டு உள்ளங்கைகளையும் மேலே விரித்துத்தான் வாழ்த்துவார்கள். ஆகவே கென்ஜெகானுக்கு வேண்டியிருந்தது புருஷனின் இரண்டு உள்ளங்கைகள் மட்டும்தான். பதினைந்து நாள் கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு சூப்பில் உப்பைக் குறைத்தாள். கடைசியில் கம்மலைத் தலைத்துணி முனையில் முடிந்துகொண்டு, "நான் பால் லாரியில ஏறிப் போய்ப் பொண்ணுக்குக் கம்மல் போட்டுட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டாள். எங்களில் மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் காதில் கம்மல் போட்டால் பேச்சு முடிந்தது, பெண் இந்த வீட்டுப் பெண். வீட்டில் வோல்கா இருக்க, பெண்டாட்டி பால் லாரியில் சம்பந்தம் பேசப் போனாள் என்றால் ஊர் என்ன சொல்லும்?

"ஓட்டுறேன்," என்றார் சாதர்குல். "டிரைவரா வரேன், அவ்வளவுதான். கைய விரிச்சு வாழ்த்துவேன்னு கனா காணாத."

துர்தகுனிடம் வேறொரு குடும்பமும் பெண் கேட்டிருந்தது, ஏரிக்கரையில் தோங் பக்கத்துக்காரர்கள். அவர் நல்லவர், யாரையும் வேண்டாமென்று சொல்லத் தெரியாதவர். "வெள்ளிக்கிழமை மத்தியானம் வாங்க, முதல்ல யாரு வந்து கம்மல் போடுறீங்களோ அவங்களுக்குத்தான்" என்று இரண்டு பக்கமும் சொல்லி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி கிளம்பியது. பின்னால் டிக்கியில் சீருக்கு ஒரு கிடா, காற்றுக்காக மூடியைக் கயிற்றால் அரைகுறையாகக் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை கூட வரக் கூடாது என்பதால் பெய்ஷென் வீட்டில் இருந்தான். உச்சிக் கோடை வெயில். கோச்கோர் சமவெளியைத் தாண்டும்போதே முள் நூறைக் காட்டியது. வைக்கோல் டிராக்டர் ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது.

"கொஞ்சம் வேகமாப் போங்களேன், பெய்ஷெனோட அப்பா."

"நூத்திப்பத்துல போறேன்! உன்னைச் சாகடிக்கச் சொல்றியா?"

டிராக்டர் முந்தியது. வைக்கோல் மேல் படுத்திருந்த ஒருவன் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போனான்.

ஓர்த்தோ-தொக்கோய் அணைக்கட்டுத் தண்ணீர் தெரிகிற இடத்தில் முள் நூற்றிருபதுக்குப் போய் ஒரு துள்ளுத் துள்ளி அங்கேயே ஒட்டிக்கொண்டது. சாதர்குல் வேகத்தைக் குறைத்தார். முள் இறங்கவில்லை. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார். நின்ற வண்டி நூற்றிருபதில் போய்க்கொண்டிருந்தது.

கண்ணாடியைத் தட்டினார். டேஷ்போர்டைக் குத்தினார். இறங்கி வெளியே நின்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார், தான் பார்க்காதபோது முள் இறங்குமோ என்று.

"முள்ளு இல்லாட்டி என்ன, ரோடு தெரியுதுல்ல? போங்க."

"நாப்பது வருஷம் முள்ளப் பாத்து ஓட்டுனவன் நானு. குருட்டுக் குதிரை மேல ஏறச் சொல்றியா?" அவர் குரலில் ஒரு நிம்மதி வந்ததை அவள் கவனித்தாள். "இது சகுனம் கிழவி. வண்டியே வேணாங்குது. வீட்டுக்குத் திரும்புவோம்."

"திரும்புறதுக்கு மட்டும் முள்ளு வேணாமா?"

டிக்கியிலிருந்து கிடா ஒரு கத்து கத்தியது.

கென்ஜெகான் சாலையோரம் நடந்து போய் மகனுக்குப் போன் போட்டாள். மகன் புருல்சாவுக்குப் போட்டான். போனை வைத்த பிறகுதான் கென்ஜெகானுக்கு அது உறைத்தது. கம்மல் போடுகிற நாளில் பெண் மாமனார் மாமியார் கண்ணில் முன்கூட்டிப் படுவது வழக்கமே இல்லை. வருவாளா?

வந்தாள். பாலிக்சியிலிருந்து வந்த ஒரு பயணிகள் வேன் அந்தப் பக்கத்தில் அடிக்கிற ஊலான் என்ற பேய்க்காற்றில் புழுதி கிளப்பிக்கொண்டு நின்றது. அதிலிருந்து பூப்போட்ட பட்டுச் சட்டை போட்ட ஒரு பெண் குதித்தாள். முக்காட்டை மரியாதைக்கு மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தாள். கையில் எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த தகரப் பெட்டி. இடுப்பை வளைத்து இரண்டு பேருக்கும் வணக்கம் வைத்தாள்.

"உங்கப்பா விட்டாரா?" என்றாள் கென்ஜெகான்.

"அப்பா தோங்காரங்களுக்குச் சோறு போட்டுட்டிருக்காரும்மா. அவங்க வந்துட்டாங்க."

"ஐயோ! வந்துட்டாங்களா?"

"வந்தா என்னம்மா? காது இங்கல்ல இருக்கு," என்று தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

வேன் டிரைவர் பெய்ஷெனின் தோஸ்து. வண்டியை அணைத்துவிட்டான். பயணிகள் கோபப்படுவார்கள் என்று பார்த்தால், விஷயம் தெரிந்ததும் எல்லாரும் இறங்கிச் சாலையோரக் கல்லில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு பெண்மணி பையிலிருந்து பொரித்த ரொட்டித் துண்டுகளை எடுத்துச் சுற்றிக் கொடுத்தாள். ஒருவர் குதிரைப்பால் பாட்டிலைத் திறந்தார். எங்கள் ஆட்களுக்கு வேடிக்கை பார்க்கக் கிடைத்தால் போதும், போகிற காரியம் மறந்துவிடும்.

புருல்சா பட்டுச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்தாள். சாதர்குல் அணைக்கட்டுத் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். ஆனால் ஒரு கண் இங்கேதான் இருந்தது.

"அந்த ஸ்க்ரூவத் திருகாத, பழசு!"

"திருகலீங்கய்யா, கேட்டுக்கிட்டிருக்கேன்."

"ஸ்க்ரூகிட்ட என்னடி கேப்ப?"

"வலிக்குதான்னு கேக்குறேன்."

கல்லில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மீசைக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

பத்தொன்பது வயதில் டிப்போவில் கூட்டிப் பெருக்கத்தான் அவளைச் சேர்த்தார்கள். மீட்டர் மேசையைத் துடைக்கப் போனவள் துடைத்த மேசையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மீட்டரின் உள்ளே இருக்கிற, முடி மாதிரி மெல்லிய சுருள்கம்பியைத் தூக்குவதற்காக இடக்கைச் சுண்டுவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருந்தாள். வேலை செய்யும்போது சுருதி சேராமல் பாடுவாள். அன்றும் பாடினாள். பாடிக்கொண்டே கேபிளைக் கழற்றி உருவினாள். மஞ்சளாக, குழைந்து, ஆட்டு வாசனையோடு வால்கொழுப்பு வழிந்து பட்டுச் சட்டையில் சொட்டியது. பிறகு மீட்டரை வெளியே எடுத்து மடியில் வைத்துப் பின்மூடியைத் திறந்தாள். உள்ளேயும் அதே கதை.

"இங்க பாருங்கம்மா. கேபிள் சுத்தும்போது கொழுப்பும் கூடவே மேல ஏறி வந்துருக்கு. இதுக்குள்ள ஒரு காந்தம் சுத்தும். அதத் தொடாம இந்தக் கிண்ணம் லேசாத் திரும்பணும், முள்ளு கிண்ணத்தோட ஒட்டியிருக்கு. நடுவுல கொழுப்பு பூந்தா, காந்தம் கிண்ணத்தக் கையப் பிடிச்சு இழுத்துட்டு ஓடும். வெயில்ல இளகுனா ஒரு மாதிரி, குளிர்ல இறுகுனா ஒரு மாதிரி."

"அப்ப எவ்வளவு நாளா..." என்று ஆரம்பித்த கென்ஜெகான் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். புருஷன் கேட்கிற தூரத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குனிந்தாள். "தங்கம், ஒண்ணு கேக்குறேன். சுத்தம் பண்ணிடு. ஆனா முள்ளைக் கொஞ்சம் மேல தள்ளி வெச்சிடேன். அவரு நூத்திருபதிலயே இருக்கட்டும். சந்தோஷமா இருந்தாருன்னா கை விரிச்சு வாழ்த்திடுவாரு. இல்லேன்னா நீங்க ரெண்டு பேரும்..." காலியான வீடு கண்ணுக்குள் வந்து நின்றது.

புருல்சா பெட்ரோலில் நனைத்த பஞ்சால் காந்தத்தைத் துடைத்தபடி யோசித்தாள். யோசிக்கும்போது பாட்டு நின்றது.

"தள்ளி வெக்கலாம்மா, ஒரு நிமிஷ வேலை. ஆனா அப்புறம் ஆயுசுக்கும் இவரு இப்படியே ஓட்டுவாரு. நான் பிள்ளை பெறப் போற அன்னைக்கும் இவருதானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு? டிராக்டர் முந்திட்டுப் போகும், பிள்ளை வண்டியிலயே பொறந்து நடந்து போயிடும்."

கென்ஜெகானுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் விடவில்லை.

எல்லாவற்றையும் துடைத்து, வெயிலில் காயவைத்து, கேபிளில் வழுவழுப்புக்குக் கறுப்புப் பொடி தடவி, திரும்பப் பூட்டினாள். முள் பூஜ்யத்தில் உட்கார்ந்தது. வேன் டிரைவர், "நான் வேனத் திருப்பிக்கிட்டுப் பக்கத்துலயே வரேன், என் முள்ளு சரியா இருக்கு, அது காட்டுறதக் கத்துறேன்" என்றான். பயணிகள் ஓடி ஏறினார்கள். சாதர்குல் ஸ்டீயரிங்கைப் பிடித்தார், பக்கத்தில் கென்ஜெகான், பின்னால் புருல்சா.

வண்டி கிளம்பி, வழக்கமாக அவர் போகிற வேகத்துக்கு வந்தது. காற்றின் சத்தமும் எஞ்சின் சத்தமும் அதே. முள் ஐம்பத்தைந்தில் நின்றது. வேன் ஒட்டி வந்தது, ஜன்னலில் தலைகள் பிதுங்கின. "அம்பத்தஞ்சு!" என்று கத்தினான் டிரைவர். வேன் முழுக்க அதையே கத்தியது.

சாதர்குல் முள்ளைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். திரும்ப முள்ளைப் பார்த்தார். காது நுனி சிவந்தது. கென்ஜெகான் கண்ணை மூடிக்கொண்டு தலைத்துணி முடிச்சில் கம்மலை அழுத்திப் பிடித்தாள். போயிற்று, எல்லாம் போயிற்று.

"அப்ப இத்தனை வருஷமும்," என்றார் மெதுவாக, "நான் அம்பத்தஞ்சுலயா போனேன்?"



பின்சீட்டிலிருந்து புருல்சா தலையை நீட்டினாள். "ஐயா, ஆக்சிலேட்டரு இன்னும் பாதிக்கு மேல கீழ போகுமே. ஏன் அங்கயே நிறுத்திட்டீங்க?"

"நூத்திருபதுக்கு மேல போனா எஞ்சின் தாங்காதுன்னு..." சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது. "அப்படின்னா இவ முழுசா ஓடினதே இல்லையா? மாமன் குடுத்த நாள்லேருந்து?"

"இன்னும் ஓடவே இல்லைங்கய்யா. புதுக் குதிரை."

அவர் காலை அழுத்தினார். வோல்கா ஒரு முறை இருமியது, பிறகு முன்னால் பாய்ந்தது. அறுபது. எழுபது. வேன் பின்னால் போனது, தலைகளும் கூச்சலும் பின்னால் போயின. எண்பது. ஓடையோரம் மேய்ந்த குதிரைகள் தலை தூக்கின. காலையில் முந்திப் போய், வழியில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் கிளம்பியிருந்த வைக்கோல் டிராக்டர் எதிரே முதுகு காட்டியது. சாதர்குல் ஹாரனை அழுத்திக்கொண்டே அதைத் தாண்டினார், வைக்கோல் மேலிருந்தவனின் தொப்பி பறந்தது. தொண்ணூறு.

"தொண்ணூறு கிழவி! நெசமான தொண்ணூறு!" அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிக்கிறார், அழுகிறார், டிக்கியில் கிடா அலறுகிறது. "மகளே, இது என் வண்டி! பாத்தியா, இது என் வண்டி!"

சொன்னதோடு நிற்கவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, உள்ளங்கைகளை விரித்து, "ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுசக் குடுக்கட்டும், வீடு நிறையப் பிள்ளைகளக் குடுக்கட்டும்..." என்று வாழ்த்த ஆரம்பித்துவிட்டார்.

"கைய வைங்க! கைய வைங்க!" என்று கென்ஜெகான் வீரிட்டாள். "நிறுத்திட்டு வாழ்த்துங்க!"

நிறுத்தினார். கம்மல் போடுவதற்குள் மறுபடி அவர் மனசு மாறிவிடப் போகிறதென்று கென்ஜெகான் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். பெட்ரோல் வாசனை அடிக்கிற கழுத்தை இழுத்து அணைத்து, ஒரு காதில் போட்டாள், மற்ற காதில் போட்டாள். அதற்குள் வேனும் வந்து சேர்ந்தது. பயணிகள் இறங்கி, கையில் இருந்த மிட்டாய், உலர்ந்த பாதாமி, ரொட்டித் துண்டு எல்லாவற்றையும் மூன்று பேர் தலையிலும் வாரி இறைத்தார்கள். சாதர்குல் விட்ட இடத்திலிருந்து வாழ்த்தை எடுத்து, நிதானமாக முடித்து, வழக்கப்படி இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். எல்லாரும் கூடவே தடவிக்கொண்டார்கள்.

பாலிக்சியில் தோங்காரர்கள் சாப்பிட்டு முடித்துக் காத்திருந்தார்கள். காதில் கம்மலோடும் சட்டையில் கொழுப்போடும் பெண் வந்து இறங்கியதைப் பார்த்து, மரியாதையாகக் கைகழுவிக்கொண்டு எழுந்தார்கள். துர்தகுனுக்குத்தான் ரொம்ப நிம்மதி, யாரையும் வேண்டாமென்று அவர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கொரு புகைமீன் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

இலையுதிர் காலத்தில் கல்யாணம் நடந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் புருல்சா அவரை வோல்கா அப்பா என்று கூப்பிட்டாள். அவர் அவளுக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது, பாசமான வசவு அது. மாமனார் வால்கொழுப்பை எடுத்துக்கொண்டு எங்கே போனாலும் அவள் பின்னாலேயே போவாள். "இருமலுக்கா அப்பா?" "இருமலுக்குத்தாண்டி." "அப்ப என் முன்னாடி குடிங்க." அவரும் முணுமுணுத்துக்கொண்டு குடிப்பார். மூத்த மகன் ரஷ்யாவிலிருந்து வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பாவை இப்படி யாரும் கேட்டதே இல்லையே" என்றான். "இப்ப ஆளு வந்தாச்சு" என்றாள் கென்ஜெகான். முதல் பிள்ளை பிறக்கப் போன அன்று பனி கொட்டியது, சாதர்குல்தான் ஓட்டினார். முள்ளைப் பார்த்துத்தான் ஓட்டினார். பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது.

புருல்சா இப்போது கோச்கோரில் மாமனார் வீட்டில் இருக்கிறாள். மூன்று பிள்ளைகள். சந்தைக்குப் பின்புறம் வேன் நிற்கிற இடத்தில் சொந்தமாக ஒரு மீட்டர் கடை வைத்திருக்கிறாள்.